ஜான் ஜி. அவில்ட்சன்: 'ராக்கி'யும் 'கராத்தே கிட்'டும் எடுத்தவர் எப்படி வேலை செய்தார்?

மூன்றாம்_ரீல்

'ராக்கி' என்றதும் ஸ்டலோன் முகம்தான் வருகிறது. 'த கராத்தே கிட்' என்றால் பாட் மொரிட்டா. இரண்டையும் இயக்கியது ஒரே ஆள் என்று சொன்னால் நல்ல சினிமா ரசிகர்களே சற்று யோசிக்கிறார்கள். அந்த ஆளின் வேலையைப் பற்றி மட்டும் பேசுவதற்கு இந்த இழை. நடிகர் புராணம் வேண்டாம்.

1935 டிசம்பர் 21 அன்று இல்லினாய் மாநிலம் ஓக் பார்க்கில் பிறந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படிப்பு, கொஞ்ச காலம் ராணுவம், பிறகு விளம்பரத் துறை. ஆர்தர் பென், ஓட்டோ பிரமிங்கர் ஆகியோரிடம் உதவி இயக்குநர். 1970இல் வந்த 'ஜோ'தான் பெயர் வாங்கிக் கொடுத்த படம். மிகச் சிறிய முதலீடு, பெரிய வசூல். இயக்கத்தோடு ஒளிப்பதிவும் அவரே செய்தார். 1973இல் 'சேவ் த டைகர்'. அதில் நடித்த ஜாக் லெமனுக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர் கிடைத்தது. இந்த இரண்டிலும் விளையாட்டு என்பது பேருக்கும் இல்லை. இரண்டிலும் வாழ்க்கை கைநழுவிப் போகிற மனிதர்கள் இருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு 'ராக்கி'யைப் பாருங்கள். அது குத்துச்சண்டைப் படமாக இருப்பதற்கு முன்பே 'சேவ் த டைகர்' எடுத்தவரின் படமாக இருக்கிறது. ஒளிப்பதிவாளரும் அதே ஜேம்ஸ் கிரேப்தான்.

நான் சொல்ல வருவது இது: அவில்ட்சனின் விளையாட்டுப் படங்கள் படப்பிடிப்பில் உருவானவை அல்ல; ரிகர்சலில் உருவானவை. கையில் ஒரு சின்னக் கேமராவோடு அவர் ரிகர்சலைப் படம்பிடித்த விதத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

தென்மாடம்

நல்ல இழை, ஆனால் முதல் பதிவிலேயே உடன்பாடு இல்லை. 'ராக்கி'யின் கதை, திரைக்கதை, வசனம் எல்லாம் ஸ்டலோன். நானே நடிப்பேன், இல்லாவிட்டால் கதையை விற்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றவரும் அவரே. 'கராத்தே கிட்' ராபர்ட் மார்க் கேமனின் எழுத்து. இரண்டுமே எழுத்தாளரின் வெற்றி. அதே இயக்குநர், அதே ஸ்டலோன், 1990இல் 'ராக்கி 5' எடுத்தார்கள். என்ன ஆயிற்று? எழுத்து சரியில்லாத இடத்தில் இந்த ரிகர்சல் வித்தை ஏன் காப்பாற்றவில்லை?

எடிட்மேசை

தென்மாடம் கேட்ட கேள்வி நியாயமானது. 'ராக்கி 5'க்குப் பிறகு வருவோம். முதலில் 1976இல் வந்த 'ராக்கி'யின் கடைசிச் சண்டை.

ராக்கியாக ஸ்டலோனும் எதிராளி கிரீடாக வந்த கார்ல் வெதர்ஸும் ஆரம்பத்தில் கைக்கு வந்தபடி அடித்துப் பழகினார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. குத்துச்சண்டையில் தனி ஆர்வம் எதுவும் இல்லாத அவில்ட்சன் அங்கே சொன்ன ஒரு வார்த்தைதான் திருப்பம்: வீட்டுக்குப் போய் ஒவ்வொரு அடியையும் எழுதிக்கொண்டு வா. ஸ்டலோன் பக்கம் பக்கமாக எழுதி வந்தார். இடது, வலது, குனி, இடது விலா, பின்வாங்கு என்று வசனம் போலவே. அதை இருவரும் மனப்பாடம் செய்து நடனம் போலப் பழகினார்கள்.

பழகும்போது அவில்ட்சன் 8 மி.மீ. கேமராவில் பிடித்து, பிறகு அவர்களுக்கே போட்டுக் காட்டினார். எங்கே குத்து படவில்லை என்பது தெரிகிறது, எங்கே எதிராளி முன்கூட்டியே தலையைத் திருப்பிவிடுகிறார், யாருக்கு வயிறு தொங்குகிறது, எல்லாம் திரையில் வந்துவிட்டது. நடிகரிடம் வாயால் சொன்னால் வாதிடுவார். படத்தைக் காட்டினால் வாதிட ஒன்றும் இல்லை.

அந்தக் காலத்து சூப்பர் 8 சுருள் 50 அடி. விநாடிக்கு 18 பிரேம் வேகத்தில் ஏறக்குறைய 3 நிமிடம் 20 விநாடி ஓடும். குத்துச்சண்டையின் ஒரு ரவுண்டு 3 நிமிடம். ஒரு சுருளில் ஒரு ரவுண்டு முழுதாக அடங்கும். பைசா செலவில்லாத அளவுக்கு மலிவு. 28 நாள் படப்பிடிப்பு, பத்து லட்சம் டாலர் அளவுக்கு முதலீடு என்கிற நிலையில் 35 மி.மீ. பிலிமில் தப்புப் பண்ணிக் கற்றுக்கொள்ள முடியாது. தப்புகளை எல்லாம் மலிவான பிலிமில் முடித்துவிட்டார்.

குத்துவளையம்

சண்டைப் பக்கத்திலிருந்து சில விஷயம். ராக்கி–கிரீட் மோதல் நிஜக் குத்துச்சண்டை மாதிரி இல்லை, அதை முதலில் ஒத்துக்கொள்வோம். ரெண்டு பேருக்கும் கார்டு (கையை உயர்த்தி முகத்தை மறைக்கிற தற்காப்பு) கிடையாது. முகத்துக்கு நேரா விழுகிற குத்துகளில் பத்தில் ஒண்ணு நிஜத்தில் விழுந்தாலே நடுவர் ஆட்டத்தை நிறுத்திடுவார்.

ஆனா 15 ரவுண்டின் வடிவம் ரொம்பச் சரியா இருக்கு. அதுக்குப் பின்னால் நிஜ ஆட்டம் ஒண்ணு உண்டு: 1975 மார்ச் 24, ஒஹாயோ மாநிலம் ரிச்ஃபீல்டு. முகமது அலிக்கு எதிரா சக் வெப்னர். யாரும் மூணு ரவுண்டு தாங்குவார்னு நினைக்காத ஆள், ஒன்பதாவது ரவுண்டில் அலியைக் கீழே விழவெச்சார். கடைசி ரவுண்டில் 19 விநாடி மிச்சம் இருக்கும்போது நடுவர் நிறுத்தினார். ஸ்டலோன் அதைப் பார்த்துதான் எழுத உட்கார்ந்தார்.

படத்தில் முதல் ரவுண்டிலேயே கிரீட் விழுகிறார். நடு ரவுண்டுகள் வேகமா ஓடிடும். 14இல் ராக்கி விழுந்து எழுகிறார், கிரீட்டோட விலா போயிடுச்சு. 15இல் மணி அடிக்கும்போது ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தாங்கிப் பிடிச்சிட்டு நிற்கிறாங்க. 1982இல் தென்கொரிய வீரர் டுக் கூ கிம் இறந்த பிறகுதான் பட்ட மோதல்கள் 12 ரவுண்டுக்குக் குறைஞ்சது. 15 ரவுண்டு இருந்த காலத்துப் படம் இது. அந்தக் கடைசி மூணு ரவுண்டு இல்லாட்டி இந்தக் கதையே கிடையாது.

இன்னொண்ணு, ராக்கி இடதுகைக்காரன். கிரீட்டோட பயிற்சியாளர் ஆரம்பத்திலேயே இடதுகைக்காரன் வேண்டாம்னு சொல்லுவார். வலதுகைக்காரங்களுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வர்ற அடி பழக்கம் இருக்காது. கிரீட் முதல் ரவுண்டில் விழுறது அதனால நம்பும்படியா இருக்கு. சும்மா அதிர்ஷ்ட அடி இல்லை.

தோள்கேமரா

ராக்கி ஓடி ஏறும் படிக்கட்டுக் காட்சியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே.

காரெட் பிரௌன் என்பவர், ஓடிக்கொண்டே எடுத்தாலும் படம் குலுங்காமல் காக்கும் ஸ்டெடிகேம் என்ற கருவியைக் கண்டுபிடித்து, அதன் திறமையைக் காட்ட ஒரு மாதிரிச் சுருள் தயாரித்தார். அதில் ஒரு பெண் (பிரௌனின் தோழி) பிலடெல்பியா கலை அருங்காட்சியகப் படிகளில் ஓடி ஏறுகிறார், கேமரா குலுங்காமல் கூடவே போகிறது. அதைப் பார்த்த அவில்ட்சன் கேட்டது இரண்டே கேள்வி: இதை எப்படி எடுத்தாய்? அந்தப் படிகள் எங்கே இருக்கின்றன? அந்த 72 படிகள் படத்துக்குள் வந்த கதை இது. பிரௌனையே அழைத்து வந்து ஸ்டலோனோடு ஓட வைத்தார்.

கருவியைத் தெரியாதவர்களுக்கு: ஆபரேட்டர் மார்பில் ஒரு கவசம். அதிலிருந்து ஸ்பிரிங் பூட்டிய ஒரு கை. கையின் முனையில் உராய்வு மிகக் குறைந்த கிம்பல், அதாவது எந்தப் பக்கமும் தாராளமாகத் திரும்பும் மூட்டு. அதில் ஒரு தண்டு. மேலே கேமரா, கீழே மானிட்டரும் பேட்டரியும். மேல் எடையும் கீழ் எடையும் ஏறக்குறையச் சமம், கீழே மட்டும் ஒரு நூல் அதிகம். தண்டைப் படுக்கவைத்து விட்டால் 2 அல்லது 3 விநாடியில் தானாக நேராக நிற்க வேண்டும். அதைவிட வேகமாக விழுந்தால் கீழ் எடை கூடிவிட்டது. ஓடி நிற்கும்போது ஊஞ்சல் மாதிரி ஆடும். மெதுவாக விழுந்தால் தொடுவானம் சாயும். வ்யூஃபைண்டரில் கண் வைக்க முடியாது, கீழே உள்ள மானிட்டரைப் பார்த்தே ஓட வேண்டும். படியில் ஏறும்போது அதுவே பெரிய ஆபத்து. காற்றடித்தால் கேமரா பாய்மரமாகிவிடும்.

ஸ்டெடிகேமை முதலில் பயன்படுத்திய படம் 'பவுண்ட் ஃபார் குளோரி'. ஆனால் 'ராக்கி' அதற்கு முன்பே 1976 நவம்பரில் திரைக்கு வந்துவிட்டது. பிரௌனுக்கு 1978இல் அகாடமியின் தொழில்நுட்ப விருது.

பிலடெல்பியா காட்சிகளை எடுத்தது விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு யூனிட். ஒரு வேனில் சுற்றிக்கொண்டே எடுத்தார்கள். ஒன்பதாம் தெருச் சந்தையில் ஓடும்போது ஒரு கடைக்காரர் ஆரஞ்சுப் பழம் ஒன்றைத் தூக்கிப் போடுவார். அவர் நடிகர் அல்ல, நிஜமான கடைக்காரர். முன்கூட்டித் தெருவை மடக்கி ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் நிறுத்தியிருந்தால் அந்த ஆரஞ்சு கிடைத்திருக்காது.

குறும்படக்காரன்

எடிட்மேசை அண்ணா, ஒரு சந்தேகம். இரண்டு நடிகர்கள், இருவருக்கும் குத்துச்சண்டை தெரியாது, ஸ்டண்ட் மாஸ்டர் வைக்கப் பணம் இல்லை. அவில்ட்சன் முறையில் நிஜமாகவே எடுத்துக்கொள்ளக்கூடியது எது? எங்கே கெட்டுப்போகும்?

எடிட்மேசை

தம்பி, வரிசையாகவே சொல்கிறேன்.

எழுத்துதான் முதல் வேலை. ஒரு நிமிடச் சண்டைக்கு 40 அசைவாவது வரும். அதை நாலைந்து அசைவுகள் கொண்ட துண்டுகளாக உடை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கதை இருக்க வேண்டும்: இவன் துரத்துகிறான், அவன் கயிற்றில் மாட்டுகிறான், இவன் களைக்கிறான். வெறும் அடி அடுக்காக இருந்தால் எத்தனை வேகமாக எடுத்தாலும் பார்ப்பவருக்குச் சலித்துவிடும்.

பிறகு கால் வேகத்தில் பழக்கு. கைகளை விடக் கால்களைப் பார். தெரியாத நடிகர்கள் அடிக்கும்போது கால் முன்னால் வந்துவிடும், இடைவெளி மாறும், அடுத்த குத்து நிஜமாகவே மூக்கில் விழும். காயம் ஆவது பெரும்பாலும் இப்படித்தான். தரையில் டேப் ஒட்டி நிற்குமிடம் குறித்து வை. முழு வேகத்துக்கு அவசரப்படாதே. அரை வேகத்தில் தொடர்ந்து மூன்று முறை தப்பில்லாமல் செய்த துண்டை மட்டும் வேகம் கூட்டு. எல்லாவற்றையும் போனில் பிடித்து அன்றைக்கே இருவருக்கும் காட்டு.

கேமரா நிற்கும் இடம் அடுத்தது. குத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டால்கூட மறைக்கலாம். அதற்குக் கேமரா அடிப்பவனின் தோளுக்குப் பின்னாலோ வாங்குபவனின் தோளுக்குப் பின்னாலோ இருக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் இடைவெளி பல்லிளிக்கும். நீண்ட லென்ஸ் போட்டால் இருவருக்கும் இடையிலான ஆழம் சுருங்கி இன்னும் எளிதாகும். வாங்குபவன் தலை திரும்புவது கையுறை முகத்தை மறைக்கும் அதே கணத்தில் நடக்க வேண்டும். முன்னாடியே திரும்பினால் அந்த டேக் வீண், எடிட்டிங்கில் சரிசெய்ய முடியாது. கொஞ்சம் தாமதித்தால் பரவாயில்லை. நடுவில் இரண்டு மூன்று பிரேம் வெட்டலாம்.

வியர்வைக்குக் கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி. வெறும் தண்ணீர் விளக்குச் சூட்டில் ஐந்து நிமிடத்தில் காய்ந்து, ஷாட்டுக்கு ஷாட் மாறித் தெரியும்.

கடைசியாக, எடுக்கும் வரிசை. 'ராக்கி' சண்டையைக் கடைசி ரவுண்டிலிருந்து பின்னோக்கி எடுத்தார்கள். மேக்கப் மைக்கேல் வெஸ்ட்மோர். வீங்கிய கண்ணையும் கிழிந்த புருவத்தையும் காலையிலேயே முழுசாகப் போட்டுவிட்டு, போகப் போகக் கழற்றுவது சுலபம். முன்னோக்கிப் போனால் ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடிகர் மறுபடி மேக்கப் நாற்காலியில் போய் உட்கார வேண்டும். ஆனால் இதில் ஒரு கஷ்டம் உண்டு. களைப்பையும் நடிகர் பின்னோக்கி நடிக்க வேண்டும். காலையில் புத்துணர்ச்சியோடு வந்தவன் சாகக் கிடப்பவனாகவும், மாலையில் உண்மையில் களைத்தவன் துள்ளுபவனாகவும் இருக்க வேண்டும். ரிகர்சல் இல்லாமல் இது நடக்கவே நடக்காது.

இருட்டறை

பணம் இல்லாததை அவில்ட்சன் கையாண்ட விதத்துக்கு மூன்று உதாரணம் சொல்லலாம். பனிச்சறுக்கு மைதானக் காட்சி முதலில் கூட்டத்தோடு எழுதப்பட்டது. அத்தனை துணை நடிகர்களுக்குக் காசு இல்லை. மைதானத்தை மூடிய பிறகு காவலாளிக்குப் பணம் கொடுத்துப் பத்து நிமிடம் வாங்கியதாக மாற்றினார்கள். ராக்கியின் காதலி ஏட்ரியன் தடுமாறிச் சறுக்குகிறாள், ராக்கி சாதாரண ஷூவோடு பக்கத்திலேயே ஓடி வருகிறான், காவலாளி மிச்ச நிமிடத்தைக் கத்திக்கொண்டே இருக்கிறான். படத்தின் மிகச் சிறந்த காதல் காட்சி அதுதான் என்பேன். கூட்டம் இருந்திருந்தால் சாதாரணமாகப் போயிருக்கும்.

ராக்கியின் அங்கி அளவில் பெரியதாகத் தைத்து வந்துவிட்டது. அரங்கத்தில் தொங்கும் பெரிய படத்தில் அவன் கால்சட்டையின் நிறம் மாறிப்போனது. திருத்தப் பணமும் நேரமும் இல்லை. இரண்டையும் வசனமாக்கிவிட்டார்கள். ராக்கியே கவனித்துச் சொல்கிறான்; படத்தின் நிறத்தைச் சொன்னதும் போட்டியை நடத்துபவர் அதனால் ஒன்றுமில்லை என்று தட்டிக்கழிக்கிறார். இந்த ஆட்டத்தில் ராக்கி யாருக்கும் முக்கியமில்லை என்பதை அதைவிடக் கச்சிதமாகச் சொல்ல முடியுமா?

இசைக்கு ஒதுக்கியது மொத்தமாக 25,000 டாலர். இசையமைப்பாளர் பில் கான்ட்டியின் சம்பளம், வாத்தியக்காரர்கள், ஒலிப்பதிவுக் கூடம், டேப் எல்லாம் அதற்குள். சண்டைக் காட்சிகளுக்குப் பீத்தோவனை ஓடவிட்டு கான்ட்டிக்குப் போட்டுக் காட்டினார் அவில்ட்சன். அடிதடிக்கு அடிதடி இசை வேண்டாம், இதற்குள் உயர்ந்த ஒன்று இருக்கிறது என்பதை அவருக்குப் புரியவைக்க. அந்தப் பயிற்சிப் பாட்டு 1977 ஜூலையில் பில்போர்டு முதலிடத்துக்கு வந்தது.

படத்தின் முடிவும் இசையால் மாறியதுதான். முதலில் எடுத்த முடிவில் ஆட்டம் முடிந்து ராக்கியும் ஏட்ரியனும் கைகோத்து நடந்து போகிறார்கள். விளம்பர போஸ்டரில் இருக்கும் படம் அந்தக் காட்சிதான். கான்ட்டியின் இசையைக் கேட்ட பிறகு, ரிங்குக்குள்ளேயே முடிய வேண்டும் என்று மறுபடி எடுத்தார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஏட்ரியன் வருகிறாள், தொப்பி எங்கோ விழுந்துவிடுகிறது, ராக்கி அவள் பெயரைக் கத்திக்கொண்டே இருக்கிறான். பின்னால் நடுவர்களின் தீர்ப்பு வாசிக்கப்படுகிறது. வென்றது கிரீட். ஆனால் இசைக்கும் கூச்சலுக்கும் அடியில் அது சரியாகக் காதில் விழுவதே இல்லை. ஒலிக்கலவையில் எடுத்த இந்த முடிவு இயக்குநருடையது. இதைத் திரைக்கதையின் கணக்கில் எழுத முடியாது, தென்மாடம்.

தென்மாடம்

இருட்டறை, அந்தக் கடைசி விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். தீர்ப்பை ஒலியில் அமுக்கியது இயக்குநரின் புத்தி. ஆனால் அங்கியும் கால்சட்டையும் வசனமானது மறுபடி ஸ்டலோனின் பேனாவால். நான் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது.

கொக்குக்கால்

'கராத்தே கிட்' பக்கம் வருவோம். அங்கே ஸ்டலோன் இல்லை, ஆகவே கணக்கைச் சுத்தமாகப் பார்க்கலாம்.

1984 ஜூன் 22 வெளியீடு. 80 லட்சம் டாலர் முதலீடு, அமெரிக்காவில் மட்டும் 9 கோடிக்கு மேல் வசூல். எழுதிய கேமன் ஒகினவா கோஜு-ரியூ கராத்தே பயின்றவர். மொரிட்டா நடித்த ஆசானின் மியாகி என்கிற பெயரே அந்தப் பாணியை நிறுவிய சோஜுன் மியாகியிடமிருந்து வந்தது. தயாரிப்பாளர் ஜெர்ரி வைன்ட்ராப்புக்கு மொரிட்டாவைப் போட விருப்பமில்லை, ஏனென்றால் தொலைக்காட்சியில் அவர் நகைச்சுவைக்காரர். அவில்ட்சன் அவரைப் படம்பிடித்துக் காட்டித்தான் மனதை மாற்றினார். 8 மி.மீ. போய் வீடியோ வந்திருந்தது. படம் முழுவதையுமே ரிகர்சலில் வீடியோவாக எடுத்து வைத்தார், சண்டைகள் மட்டும் அல்ல. 'ராக்கி'யில் சண்டைக்குச் செய்ததை இங்கே மொத்தப் படத்துக்கும் விரித்தார். எடிட்டர்களில் ஒருவராகவும் அவர் பெயர் இருக்கிறது.

சண்டை அமைத்தவர் பாட் ஜான்சன். போட்டியில் நடுவராக வருபவரும் அவர்தான். ரிங்கின் நடுவில் நின்றுகொண்டே நடிகர்களின் கால் அளவைக் கண்காணிக்கலாம் என்பது எவ்வளவு வசதி என்று நினைத்துப் பாருங்கள். மொரிட்டாவுக்குப் பெரும்பாலான இடங்களில் டூப் ஃபுமியோ டெமுரா. கடற்கரையில் கட்டைமேல் ஒற்றைக் காலில் நிற்கும் காட்சிக்கு டேரில் விடால். விடால் அரையிறுதியில், நாயகன் டேனியலின் எதிரியான ஜானியோடு மோதும் வீரராகவும் நடித்திருக்கிறார். ஜானியாக வந்த வில்லியம் ஜாப்காவுக்குப் படத்துக்கு முன் கராத்தே தெரியாது, மல்யுத்தம் தெரியும். உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்பது ஏற்கெனவே தெரிந்தவன் என்பதால் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்.

பயிற்சிப் பகுதியைச் சற்று நுணுக்கமாகப் பாருங்கள். காருக்கு மெழுகு தேய்ப்பது: வலக்கை வலச்சுற்று, இடக்கை இடச்சுற்று. தரையைத் தேய்ப்பது: தாழ்வான வட்டம், கீழே வரும் உதைக்குத் தடுப்பு. வேலிக்கு வண்ணம்: மேலும் கீழும், முழு அசைவும் மணிக்கட்டில். வீட்டுக்கு வண்ணம்: பக்கவாட்டில். நான்கையும் அவில்ட்சன் அவசரப்படாமல், பையன் எரிச்சலாகிற வரைக்கும் காட்டுகிறார். பார்க்கும் நமக்கும் எரிச்சல் வருகிறது. பிறகு இரவில் மியாகி வரிசையாகத் தாக்க, ஒவ்வொரு வீட்டு வேலையும் ஒரு தடுப்பாகத் திரும்பி வருகிறது. நாம் அதுவரை பார்த்த அசைவின் கோணமும் தடுப்பின் கோணமும் ஒன்றாக இல்லாவிட்டால் இந்தக் காட்சி செத்திருக்கும். ரிகர்சல் வீடியோவை வைத்துக்கொண்டு வேலை செய்தவருக்கு இது கைவந்தது.

எனக்கு இதைவிடப் பெரியது குடித்த இரவுக் காட்சி. ராணுவ உடையில் மியாகி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்த மன்சனார் தடுப்பு முகாமில் பிரசவத்தில் இறந்த மனைவியும் குழந்தையும். போரில் வாங்கிய உயரிய பதக்கம். படத்தின் வேகம் குறைகிறது, வெட்டிவிடுங்கள் என்று நிறுவனம் சொன்னது. அவில்ட்சன் விடவில்லை. மொரிட்டாவுக்குத் துணை நடிகர் ஆஸ்கர் பரிந்துரை வந்ததற்கு அந்தக் காட்சியே முக்கியக் காரணம். ஒரு குத்து, ஒரு உதை இல்லாத காட்சி. வெட்டியிருந்தால் எஞ்சுவது பள்ளிக்கூடச் சண்டைப் படம்.

குறும்படக்காரன்

கொக்குக்கால் சார், டேனியல் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்று ஜானியின் முகத்தில் விடும் கடைசி உதை விதிப்படி செல்லுமா? முகத்தில் உதைத்தால் தகுதிநீக்கம் என்று பலர் எழுதுகிறார்கள்.

கொக்குக்கால்

அந்தப் போட்டியின் விதிப்படி செல்லும். ஆட்டத்துக்கு முன் தோழி ஆலி டேனியலுக்கு விளக்குவாள்: இடுப்புக்கு மேல் எங்கே பட்டாலும் புள்ளி, தலையும் சேர்த்து. தகுதிநீக்கம் ஆனது ஜானியின் கூட்டாளி பாபி. அவன் உதைத்தது முழங்காலில், வேண்டுமென்றே. நிஜப் போட்டிகளில் முகத்தில் அந்த அளவு தொடுதலுக்கு நிச்சயம் தண்டனை உண்டு, அது வேறு கணக்கு. கொக்கு நிலையில் உண்மையான பலவீனம் வேறு: ஒற்றைக்காலில் இரண்டு கையும் விரித்து நிற்பவனை எதிராளி நேராக வந்து தாக்க வேண்டிய அவசியமே இல்லை, காத்திருந்தால் போதும். ஆனால் 2-2 என்ற நிலையில் பயிற்சியாளர் நெருக்க, பொறுமை இழந்த ஜானி பாய்கிறான். அந்தப் பொறுமையின்மையைப் படம் முன்பே விதைத்து வைத்திருக்கிறது.

போட்டி முடிந்த பிறகு வண்டி நிறுத்துமிடத்தில் ஜானியின் பயிற்சியாளர் கிரீஸும் மியாகியும் மோதும் காட்சி முதல் படத்துக்காக எழுதப்பட்டது. அதை எடுத்துவிட்டு மியாகியின் முகத்தில் உறைய வைத்து முடித்தார்கள். அந்தக் காட்சி 1986இல் இரண்டாம் பாகத்தின் தொடக்கமானது. இடம் மாறியது இரண்டு படத்துக்கும் நல்லது.

மூன்றாம்_ரீல்

இப்போது தென்மாடத்தின் 'ராக்கி 5'. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: தோற்ற படம்தான். 4 கோடி டாலரைத் தொட்ட முதலீடு, அமெரிக்க வசூலும் அதே அளவோடு நின்றது. முதல் வரைவில் ராக்கி கடைசியில் இறந்துவிடுகிறான். அவில்ட்சன் அந்தப் படத்தை எடுக்கத்தான் வந்தார். நடுவில் நிறுவனம் மனம் மாறியது, ராக்கி பிழைத்துக்கொண்டான். சாவை நோக்கிக் கட்டிய கதையில் முடிவை மட்டும் மாற்றினால் முன்னால் போட்ட அடித்தளம் எல்லாம் வீணாகிறது. மூளைக் காயத்தால் இனி ஆடவே கூடாது என்று மருத்துவர் சொன்னவன், தெருவில் வெறும் கையால் சண்டை போட்டு நன்றாக நடந்து போகிறான். ரிங் இல்லை, ரவுண்டு இல்லை, மணி இல்லை. அவில்ட்சனுக்குப் பலமே காலக்கெடு கொண்ட ஆட்டம். அதைப் பிடுங்கிவிட்டு அவரிடம் சண்டை கேட்டார்கள்.

எழுத்து கெட்டால் ரிகர்சல் காப்பாற்றாது, உண்மை. ஆனால் 'ராக்கி' எழுத்து அவர் கையில் வந்ததால்தான் அந்தப் படமாயிற்று என்பதையும் அது மறுக்கவில்லை.

தயாரிப்பாளர்களோடு அவருக்கு ஒத்துப்போனதே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'செர்பிகோ'வைத் தொடங்கியவர் இவர். மார்ட்டின் பிரெக்மனோடு மோதி நீக்கப்பட, சிட்னி லூமெட் வந்தார். 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படப்பிடிப்புக்குக் கொஞ்சம் முன்பு ராபர்ட் ஸ்டிக்வுட் இவரை நீக்கி ஜான் பாதமை வைத்தார். 1977 மார்ச் 28 ஆஸ்கர் இரவில் 'ராக்கி'க்குப் பத்துப் பரிந்துரை, மூன்று விருது: சிறந்த படம், சிறந்த இயக்கம், சிறந்த எடிட்டிங் (ரிச்சர்ட் ஹால்சி, ஸ்காட் கான்ராட்). இயக்குநர் பட்டியலில் அன்று இவரோடு போட்டியிட்டவர்களில் 'நெட்வொர்க்' எடுத்த அதே லூமெட்டும், இங்மார் பெர்க்மனும் இருந்தார்கள். 'டாக்ஸி டிரைவர்' ஸ்கோர்செஸிக்கு இயக்குநர் பரிந்துரைகூட வரவில்லை. இதற்காக அவில்ட்சன்மேல் கோபப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் செய்த படத்தை வைத்து அவரை எடைபோடுவதுதான் முறை.

குத்துவளையம்

ரெண்டு படம் விட்டுப்போச்சு. 1992இல் 'த பவர் ஆஃப் ஒன்'. தென்னாப்பிரிக்க நிறவெறிக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையனின் குத்துச்சண்டை. பிரைஸ் கோர்ட்னி நாவல், எடுத்தது ஜிம்பாப்வேயில். டேனியல் கிரெய்க்கின் முதல் படம், கொடூரமான போலீஸ்காரரா வருவார். நாவலில் நிறைய விஷயம் இருக்கு, படத்தில் அதெல்லாம் முட்டிமோதுது. அரசியல் ரொம்பப் பெரிசு, ரிங் ரொம்பச் சின்னது. வெள்ளைப் பையனை மீட்பரா நிறுத்தியது எனக்கு ஒப்பவே இல்லை. ஆனா சிறைச்சாலையில் பையனுக்கு மார்கன் ஃப்ரீமேன் சொல்லிக்கொடுக்கிற இடங்கள் பழைய அவில்ட்சன்தான்.

1994இல் '8 செகண்ட்ஸ்'. காளைமேல் சவாரி செய்த லேன் ஃப்ராஸ்டின் வாழ்க்கை. ஒரு கையால் மட்டும் பிடிக்கணும், இன்னொரு கை காளையையோ தன் உடம்பையோ தொட்டாச் சவாரி செல்லாது. 8 விநாடி தாங்கினாத்தான் புள்ளி. வீரருக்கு 50, காளைக்கு 50, மொத்தம் 100. இங்கே இயக்குநருக்கு அடிப்படையிலேயே சிக்கல். குத்துச்சண்டையில் ரவுண்டுக்கு ரவுண்டு கதை வளரும். 8 விநாடியில் எதை வளர்ப்பீங்க? அதனால ரெட் ராக் என்கிற காளையோட 1988இல் நடந்த ஏழு சவாரித் தொடர் (ஃப்ராஸ்ட் 4-3 என்று ஜெயிச்சார்) ரொம்ப முக்கியம். ஏழு சவாரி ஏழு ரவுண்டு மாதிரி நிற்குது. ஃப்ராஸ்ட் 1989 ஜூலை 30 அன்று ஷயென் நகரில், சவாரியை முடிச்சு இறங்கின பிறகு காளை முட்டி இறந்தார், வயசு 25. சாவைக் கடைசியில் வெச்சு அவில்ட்சன் எடுக்க முடிஞ்ச படம் இதுதான். 'ராக்கி 5'இல் கிடைக்காதது இங்கே கிடைச்சது.

இருட்டறை

அந்த வரிசையில் 1989இன் 'லீன் ஆன் மீ'யையும் சேர்க்க வேண்டும். நியூ ஜெர்சி பேட்டர்சனில் ஈஸ்ட்சைடு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஜோ கிளார்க்கின் கதை. விளையாட்டே இல்லை, ஆனால் உடம்பு அதே உடம்பு: நாள் குறித்த தேர்வு, அதற்கான பயிற்சி, தோற்பார்கள் என்று எல்லோரும் முடிவு கட்டிய ஒரு கூட்டம். கிளார்க்கின் கெடுபிடியைப் படம் போதிய அளவு கேள்வி கேட்கவில்லை என்பது என் குறை.

கடைசியாக எடுத்தது 1999இல் ஜான்-கிளாட் வான் டாமோடு 'இன்ஃபெர்னோ'. அதில் தன் பெயர் வேண்டாம் என்று எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு படமே இல்லை. 2017 ஜூன் 16 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில், கணையப் புற்றுநோயால் காலமானார். வயது 81.

தென்மாடம்

என் நிலை இது. அவில்ட்சன் நல்ல கதையைக் கெடுக்காதவர் மட்டுமல்ல, அதைக் கூர்மையாக்கியவர். இழையில் வந்த விவரங்கள் அதைக் காட்டுகின்றன. கதையை உருவாக்கியவர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பெருமை கேமனுக்கும் ஸ்டலோனுக்கும் போகட்டும்.

குறும்படக்காரன் தம்பிக்கு ஒரு யோசனை. அவில்ட்சன் வைத்திருந்த 'கராத்தே கிட்' ரிகர்சல் வீடியோ இணையத்தில் இருக்கிறது. முதலில் அதைப் பார், சத்தத்தை அணைத்துவிட்டு. பிறகு படத்தைப் போட்டு, எந்த அசைவு மாறியது, எது அப்படியே வந்தது என்று காட்சி காட்சியாகக் குறித்துக்கொள்.

எடிட்மேசை

அதோடு ஒரு வேலை சேர்த்துக்கொள் தம்பி. 'ராக்கி'யில் முதல் ஓட்டத்தையும் பிந்தைய பயிற்சித் தொகுப்பையும் அடுத்தடுத்து ஓடவிடு. முதலில் ஐந்து பச்சை முட்டை குடித்துவிட்டு இருட்டில் ஓடி, அதே படிகளில் விலாவைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறான். வெட்டுகள் குறைவு, இசை மெல்லியது, களைப்பு முழுசாகத் தெரிகிறது. இரண்டாவதில் வெட்டுகள் கூடிக்கொண்டே போகின்றன, ஆனால் படியில் ஏறும்போது மறுபடி நீளமான ஷாட். ஒவ்வொரு வெட்டுக்கும் நேரம் குறித்து ஒரு தாளில் எழுது. உன் படத்தில் பயிற்சியை இரண்டு முறை ஒரே இடத்தில் எடு. இரண்டாம் முறைக்கு மட்டும் இசை போடு. முதல் முறை மூச்சு வாங்கும் சத்தம் போதும். அதைப் படப்பிடிப்பிலேயே தனியாக ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள், டப்பிங்கில் அந்த மூச்சு கிடைக்காது.